தப்பான விடைக்கு ஒரு குரல்

என் மனைவியின் குரல் எனக்கு மறந்துபோய்விட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முகம் ஞாபகம் இருக்கிறது. நடை, தும்மல், முந்தானையை இழுத்துச் செருகுகிற வேகம், எல்லாம் இருக்கிறது. குரல் மட்டும் எங்கோ நழுவிவிட்டது. அவள் காய்ச்சலில் போனது, எல்லார் கையிலும் கேமரா போன் வருவதற்கு முன்னால். கல்யாண வீடியோ கேசட் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போயிற்று.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. திருச்சியில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஞாயிறு பூசை முடிந்து வந்தால், அடுத்த ஞாயிறு வரை வாயைத் திறக்க எனக்கு வேலை கிடையாது. பால் பூத்தில் ‘அரை லிட்டர்’ என்பேன். அன்றைய பேச்சு அத்தோடு சரி.

போன கல்லறைத் திருநாளன்று அவள் கல்லறையில் மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி கையில் துளசியும் சம்பங்கியும் கட்டிய சரத்தோடு வந்து நின்றார். நெற்றியில் திருச்சூர்ணம். என் மனைவியிடம் கல்லூரியில் கணக்குப் படித்தவராம், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாராம். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பேச்சோடு பேச்சாக, குரல் மறந்துபோனதை அவரிடம் உளறிவிட்டேன்.

“மிஸ் குரல் எங்கிட்ட இருக்கே சார்!” என்றார். “கணக்கு பழகறதுக்கு ஜாவால ஒரு ஆப்லெட், பிரவுசருக்குள்ளயே ஓடற குட்டி புரோகிராம், எழுதிக் குடுத்தாளே? தப்பாப் போட்டா மிஸ்ஸே பேசுவா. சிடி பத்திரமா வச்சிருக்கேன்.”

அந்த ஆப்லெட்டை எனக்குத் தெரியும். அதாவது, தெரியாது. அவள் மாதக்கணக்கில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது தெரியும். ‘ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்’ என்று கேட்டது தெரியும். எனக்கும் கணக்குக்கும் ஜென்மப் பகை; ‘எனக்கெதுக்கு அந்தக் கருமம்’ என்று பேப்பரை விரித்துக்கொண்டது நன்றாகவே தெரியும்.

மறுநாள் காலையிலேயே ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய்ச் சிடியை வாங்கி வந்தேன். அவளுடைய பழைய கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பல்லி முட்டையைத் துடைத்து எடுத்து, கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உயிர் கொடுத்தேன். நல்ல பிள்ளையாக அவர் நெட் இணைப்பும் கொடுத்து, புது பிரவுசரையும் போட்டுவிட்டுப் போனார். சிடியைப் போட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அவ்வளவுதான். கட்டத்துக்குள் ஒன்றுமில்லை.

ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்தேன். “புது பிரவுசர் எதுவும் ஆப்லெட்டை ஏத்துக்காது சார். பழசு வேணும். அதுக்குத் தோதா ஜாவாவும் பழசு வேணும். நான் பென் டிரைவ்ல போட்டுத் தரேன்” என்றார். மறுபடி பஸ். பென் டிரைவோடு வந்து, அவர் போனில் சொல்லச்சொல்ல ஒவ்வொன்றாக ஏற்றினேன். சாயங்காலம் திறந்தால், பிரவுசர் புதுசாகி உட்கார்ந்திருக்கிறது! கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே கதை. இப்படியே பத்து நாள். கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டில் சத்தம் கேட்டு நாளாகியிருந்ததால் எனக்கே திடுக்கென்றது.

பத்தாவது நாள்தான் அவர் கேட்டார். “சார், நடுவுல ஏதாவது கேக்கறதா? புதுப்பிக்கட்டுமான்னு?”

“கேக்குது. ‘எஸ்’ அமுக்குறேன்.”

“ஏன் சார் அமுக்கறேள்!”

ஏன் என்றால்? முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் கண்காணிப்பாளர் வரை குப்பை கொட்டியவன் நான். மேலேயிருந்து தாள் வந்தால் அன்றைக்கே அமல்படுத்திக் கையெழுத்துப் போட்டுத்தான் பழக்கம். உடனே புதுப்பிக்கவும் என்று ஒருவன் எழுதி அனுப்பினால் நான் மாட்டேன் என்பேனா? இதைச் சொன்னதும் அந்தப் பெண்மணி போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “நெட் ஒயரை முதல்ல பிடுங்கிப் போடுங்கோ சார்” என்றார்.

பிடுங்கினேன். மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினேன். இது ஆபத்தான நிரல், தடுத்துவிட்டோம் என்று ஜாவா மிரட்டியது. அதற்கும் வழி சொன்னார். நம்பிக்கையான இடங்கள் என்ற பட்டியலில் சிடி இருக்கும் இடத்தை எழுதச் சொன்னார். எழுதினேன். சாம்பல் கட்டம் ஒரு நொடி வெளுத்தது. உள்ளே ஓர் இருபடிச் சமன்பாடு வந்து நின்றது.

விடை எனக்கு எங்கே தெரியும்? வாய்க்கு வந்த எண்ணைத் தட்டினேன்.

“தப்பு. பதறாம மறுபடி பாருங்க.”

அவள்தான். எப்படி மறந்தேன் இதை? கொஞ்சம் மூக்கில் பேசுவாள். ‘பதறாம’ என்பதில் ஒரு இழுப்பு. ஆனால் அது முடிவதற்குள் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது. “இன்னும் என்ன பண்ற அந்தப் பெட்டிக்கிட்ட? சோறு போடுவியா மாட்டியா?”

என் குரல்.

இன்னொரு தப்பு விடை போட்டேன். மறுபடி அவள், மறுபடி நான். எத்தனை தடவை போட்டாலும் அவளோடு சேர்ந்து நானும் கத்தினேன். உலகத்தில் மிச்சமிருக்கிற அவள் குரல் இவ்வளவுதான். அதன் மேலும் நான் எச்சில் தெறிக்க நிற்கிறேன். அன்றைக்கு என்ன பசியோ, சனியன் பிடித்த பசி. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்து, “உங்களுக்கு இது தெரியுமாம்மா?” என்று கேட்டேன்.

“கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். யாராவது தப்பாப் போட்டா ‘சோறு போடுவியா மாட்டியா’ன்னு நாங்களே சேந்து கத்துவோம். வேற பதிவு பண்ணிடலாமே மிஸ்னு கேட்டோம். இருக்கட்டும்டி, அவர் அப்படித்தான்னு சிரிச்சா.” பிறகு, “ஒரு தடவை சரியாப் போட்டுப் பாருங்கோ சார்” என்றார்.

சரியாகப் போடுவதா, நானா? அவளுடைய அலமாரியிலிருந்தே ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். காரணிப்படுத்துவது எப்படி என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன். மூன்று நாள் என் கத்தலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மத்தியானம் ஒரு கணக்குக்கு இரண்டு விடையும் பொருந்தி வந்தது. தட்டினேன்.

“சரி. ரொம்ப நல்லாப் போட்டிருக்கீங்க.” பின்னால் யாரும் கத்தவில்லை. அவள் மட்டும்தான். அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம். குரல் கொஞ்சம் தள்ளிப் போகிறது; சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, என் கத்தலுக்குக் கோபமே இல்லாமல் பதில் சொல்கிறாள்:

“இதோ வந்துட்டேங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். “வா” என்றேன், சத்தமாகவே.