தம்பி தனியாக நிற்கும் இடம்

பக்கவாதம் வந்ததும் அப்பாவிடமிருந்து தமிழ் போய்விட்டது. திண்டுக்கல்லில் அத்தனை வருஷம் டிபன் கடை நடத்தியவர். உள்ளூர்க்காரர்களையே பேச்சில் மடக்குவார். அவர் வாயில் இப்போது மிஞ்சியது பிறந்த ஊர்ப் பேச்சான துளு மட்டும். எரியோட்டுக்காரியான அம்மாவுக்கும் சரி, எனக்கும் சரி, அது சுத்தமாகத் தெரியாது.

அவர் முனகியதில் கோட்டி, சென்னய்யா என்ற இரண்டு பெயர்கள்தான் எங்களுக்குப் பிடிபட்டன. அவர் ஊரில் தெய்வமாகிவிட்ட இரட்டைப் பிறவி வீரர்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் படத்தின் முன் இரண்டு விளக்கு ஏற்றி, அப்பா அந்தக் கதையைப் பாடுவார். நான் டிவி பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதும் அதைத்தான் ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் பாட்டை ஒரே இடத்தில் நிறுத்தி அழுதார். கஞ்சியைத் தட்டிவிட்டார்.

"ஏலே, நீ அவுக பிள்ளதான? என்னன்னு கேளு," என்றாள் அம்மா.

பெற்ற தகப்பன் என்ன கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள ஊருக்குள் துளு தெரிந்த ஆள் தேடிப் போனேன். அந்த வெட்கக்கேட்டை என்னவென்று சொல்ல!

பஸ் ஸ்டாண்டு பக்கம் பேக்கரி வைத்திருந்த உடுப்பிக்காரர் வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து செத்த நேரம் கேட்டார்.

"சண்டையில அண்ணன் கோட்டி விழுந்துட்டான். தம்பி தனியா நிக்கிறான். பாட்டுல அதுக்கு அடுத்த அடி இவருக்கு மறந்துபோச்சு. தம்பியும் அண்ணனோட போய்ச் சேராம பாட்டை நிறுத்தக் கூடாதாம். அதான் சாப்பிட மாட்டேங்கிறார்."

ஒரே ஒரு அடி. அதை எடுத்துக்கொடுக்க வீட்டில் நாதியில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை எனக்கு.

பேக்கரிக்காரர் அந்த அடியைப் பாடத் தொண்டையைச் செருமினார். அப்பா சட்டென்று அவர் கையைப் பிடித்து என்னவோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, விடுங்க."

நான் விடவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் பாடச் சொல்றார். தெருவுல கேட்டா பையனுக்குக் கூச்சமா இருக்குமாம்."

பள்ளிக்கூட நாளில், கூட்டாளிகள் வாசலில் நின்றபோது, நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். தமிழெல்லாம் போன பிறகும் அது மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

எழுந்து போய்க் கதவு இரண்டையும் விரியத் திறந்தேன். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். பேக்கரிக்காரர் அடியை எடுத்துக்கொடுத்தும் வாய் திறக்கவில்லை.

"சாத்துப்பா. அவுக பசியோட கெடக்காக," என்றாள் அம்மா.

சாத்தினேன். அதன் பிறகுதான் அவர் பாடினார்.