மல்ஹாரி சௌக்குக்கு ஒரு டிக்கெட்

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றால் ஹௌசாபாய் வாயைத் திறக்க மாட்டாள். உள்ளங்கையில் வியர்த்துக் கிடக்கும் சில்லறையை நீட்டுவாள்; மோவாயைச் சாலைப் பக்கம் ஒரு வெட்டு வெட்டுவாள். அவ்வளவுதான். அந்த வழியில் ஓடும் கண்டக்டர்கள் எல்லோருக்கும் அந்த வெட்டு அத்துப்படி. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். டிக்கெட்டில் மல்ஹாரி சௌக் என்று அச்சாகியிருக்கும். மல்ஹாரி அவளுடைய புருஷன். புருஷன் பேரைப் பெண்டாட்டி எப்படிச் சொல்வாள்?

வயது எழுபதை நெருங்குகிறது. பச்சை நூல்சேலையை ஒன்பது கஜத்துக்குக் கச்சம் வைத்துக் கட்டி, இடுப்பில் கூடையோடு நடந்தால் சின்னப் பெண்கள் மூச்சு வாங்க வேண்டும். காலையில் மிஸ்ரி என்கிற வறுத்த புகையிலைப் பொடியை ஒரு விரல் எடுத்துப் பல்லில் தேய்த்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும். வியாழக்கிழமை சந்தையில் வெந்தயக்கீரை, சதகுப்பைக்கீரை. கீரையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பவர்களைக் கண்டால் ஆகாது. "வாங்கறதுன்னா வாங்கு, இல்லேன்னா வச்சிட்டுப் போ. கிள்ளி விளையாட அது என்ன உன் நாத்தனார் கன்னமா?" என்பாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு வாங்கிப் போவார்கள். வாய் அப்படிப்பட்ட வாய். அந்த ஒரு பேர் மட்டும் அதில் வராது.

சாத்தாரா ஜில்லாவில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. அதிலும் மல்ஹாரி ஷேலார் வீர் சக்கரம் வாங்கியவர். கிழக்கே நடந்த சண்டையில், தொடையில் குண்டு பாய்ந்த பிறகும் ஆற்றங்கரைச் சேற்றில் ஊர்ந்து போய், இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த மேட்டைப் பிடித்தவர். பிடித்த மேட்டிலேயே உயிரும் போனது. பள்ளிக்கூடத்துக்கு அவர் பேர், ஊர் நுழைவு வளைவுக்கு அவர் பேர், முச்சந்திக்கும் அவர் பேர், மல்ஹாரி சௌக். முச்சந்தியில் மார்பளவுச் சிலை, பெரிய முறுக்கு மீசையோடு. "அவருக்கு ஏது மீசை? இருபத்திமூணு வயசு, பூனைமுடிதான். செஞ்சவன் தன் மாமனாரைப் பாத்துச் செஞ்சிருக்கான்" என்பாள் ஹௌசாபாய். வருஷாவருஷம் மேடை போட்டுப் பேசுவார்கள். அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தி, தேங்காய் கொடுப்பார்கள். வந்தவன் போனவன் எல்லாம் ஒலிபெருக்கியில் அந்தப் பேரைத் தொண்டை கிழியக் கத்துவான். அவள் மடியில் தேங்காயை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

புருஷன் பேரைச் சொல்ல அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரே ஒரு வழி உண்டு. உகாணா. இரண்டு வரி கட்டி, பேரை அதற்குள் பொதிந்து சொல்வது. அதையும் தானாகச் சொல்லிவிட முடியாது. யாராவது கேட்க வேண்டும். புதுப்பெண் புகுந்த வீட்டு வாசலுக்கு வரும்போது நாத்தனார் கையைக் குறுக்கே நீட்டி, "பேரைச் சொல்லிட்டு உள்ள வா" என்று மறிப்பாள். பெண் சொல்லிவிட்டு, வாசற்படியில் வைத்திருக்கும் படி அரிசியை வலது காலால் சாய்த்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

பதினேழு வயது ஹௌசாபாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாத்தனார் கைக்கு அடியில் குனிந்து ஒரே ஓட்டமாக உள்ளே ஓடிவிட்டாள். எந்தக் கால் முன்னால் போனதென்று அவளுக்கே தெரியாது. பின்னால் அவர் சிரித்தது மட்டும் கேட்டது. "விடுங்க, விடுங்க. அடுத்த லீவுக்கு நான் வர்றப்ப இதே வாசல்ல நின்னு சொல்லட்டும்." பத்தொன்பதாம் நாள் தந்தி வந்து கிளம்பிப் போனார். அவர் வந்ததும் சொல்ல வேண்டுமென்று அவள் களை எடுக்கும்போதும் மாவரைக்கும்போதும் யோசித்து யோசித்து இரண்டு வரி கட்டினாள். அடுத்த லீவு வரவில்லை. "பேரும் சொல்லாம, எந்தக் காலுன்னும் பாக்காம வந்தவதானே" என்றாள் மாமியார். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அது போதாதா?

அந்த இரண்டு வரி இன்னும் ஹௌசாபாயிடம் பத்திரமாக இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. மஞ்சள் குங்குமத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்துப் பேர் சொல்ல வைக்கும்போது அவள் அடுக்களையில் எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருப்பாள். தாலி அறுத்தவளை யார் கேட்பார்கள்? ஒருநாள் கீரைப் பாத்தியில் தனியாக நின்று சொல்லிப் பார்க்க நினைத்தாளாம். "நானே கேட்டு நானே சொன்னா அது பைத்தியம்" என்று விட்டுவிட்டாள். ஆனால் ஆசை விட்டபாடில்லை. கீரை ஆயும்போது உதடு அசையும்; பேர் வருகிற இடத்தில் நின்றுவிடும்.

போன வியாழக்கிழமை மத்தியானம், சந்தை முடிந்து திரும்பும் பஸ்ஸில் புதுக் கண்டக்டர். பர்பணிப் பக்கத்துப் பெண், ஊர்மிளா. ஹௌசாபாய் சில்லறையை நீட்டி மோவாயை வெட்டினாள்.

"மாவ்ஷி, இந்த மிஷினுக்கு மோவாயெல்லாம் புரியாது. எங்க இறங்கணும்னு வாயால சொல்லுங்க."

"அந்த… சிலைகிட்ட."

"வழியில மூணு சிலை இருக்கு. எந்தச் சிலை?"

"மீசை வச்ச சிலை."

"மூணுக்கும் மீசை இருக்கு மாவ்ஷி!"

பஸ் சிரித்தது. முன்சீட்டில் இருந்த சர்ஜேராவ் ஹவில்தார் திரும்பினார். ஓய்வு பெற்று இருபது வருஷமாகியும் குரல் மட்டும் அணிவகுப்பு மைதானத்திலேயே இருந்தது. "மல்ஹாரி சௌக் போடும்மா. மல்ஹாரி ஷேலாரோட சம்சாரம் அவங்க. அவங்க வாயால எப்படிச் சொல்லுவாங்க?"

ஊர்மிளா டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் போகிற வழியெல்லாம் ஹௌசாபாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முச்சந்தி வந்தது. பஸ் நின்றது. ஹௌசாபாய் கூடையோடு கதவருகே வந்தபோது, ஊர்மிளா கையை நீட்டிக் குறுக்கே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லிட்டு இறங்குங்க, அண்ணி."

ஹவில்தார் பதறிப்போய் எழுந்தார். "ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? புருஷனைப் பறிகொடுத்தவங்ககிட்ட அதைக் கேக்கக் கூடாது."

"ஏன் கேக்கக் கூடாது? ஒரு நாளைக்கு நாப்பது தடவை நான் கத்தணும் அவர் பேரை. இவங்க ஒரு தடவை சொன்னா என்ன குறைஞ்சுடும்?" கையை அவள் எடுக்கவில்லை. "சொல்லுங்க அண்ணி. கேக்கறேன்ல?"

டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டார். ஹௌசாபாய் கூடையைக் கீழே வைத்தாள். முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். எங்கே அந்த இரண்டு வரி மறந்துபோயிருக்குமோ என்று நமக்குத்தான் பயம், அவளுக்கு இல்லை.

"படி அரிசி சாய்ச்சுவிட்டுப் பாதம் உள்ளே வைக்கிறேன்,
மல்ஹாரி பேரைச் சொல்லி மனசை இங்கே வைக்கிறேன்."

குரல் நடுங்கவில்லை. பேர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போனாள், வாயிலிருந்து விட மனமில்லாததுபோல.

ஊர்மிளா கையை எடுத்தாள். ஹௌசாபாய் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். கடைசிப் படியில் இடது கால் முன்னால் வந்துவிட்டது. ஒரு கணம் நின்றாள். அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வலது காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.