மெட்டடாரின் முதல் சவாரி

மெட்டடார் வேனின் பூர்வீகம் ஜெர்மனி. அங்கே ரொட்டிக்கடைக்காரரும் தச்சரும் சரக்கு ஏற்ற வைத்திருந்த சின்ன வண்டி அது, உரிமம் வாங்கிப் பூனாவில் செய்கிறார்கள் என்று விற்றவர் சொன்னதை நான் உத்திரமேரூர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். லாரியைப் பின்சக்கரம் தள்ளும், இதை முன்சக்கரம் இழுக்கும் என்று டீக்கடையில் கிளாஸை நகர்த்திக் காட்டுவேன். ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். எழுபதுகளின் கடைசி. நெல் மூட்டைக்கும் கல்யாணத்துக்கும் ஒரே வண்டி என்று எங்கள் பக்கம் மெட்டடார் பரவத் தொடங்கியிருந்தது.

புது வண்டியின் முதல் சவாரி மங்கலமாக இருக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். மறுநாள் காலை வாலாஜாபாத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளையை நான்தான் ஏற்றிப் போவதாகப் பேச்சு. பூஜை போட்டு, மாலை கட்டி, சீட்டுக்கு வெள்ளைத் துணி விரித்து வாசலில் நிறுத்தியிருந்தேன்.

மத்தியானம் ஒருவர் ஓடி வந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம் கழனி வேலை செய்பவர். பின்னாலேயே மாட்டுவண்டி, அதில் அவர் மனைவி.

"அண்ணா, இதுக்கு வலி எட்த்து ரெண்டு நாளாவுது. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்ணா."

மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் பிரசவத் தீட்டா என்றுதான் என் புத்தி முதலில் போனது. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் தைரியமில்லை. நல்லவன் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது. "ஸ்டார்ட் ஆவலப்பா, பேட்டரி டவுன்" என்றேன்.

"அவ்ளோதானேண்ணா? தள்ளிக்கினா போச்சி" என்றவர், தெருவில் குரல் கொடுத்து எட்டுப் பேரைச் சேர்த்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தேன். தள்ளினார்கள். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் எடுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். கியர் போடாமல் நியூட்ரலிலேயே வைத்துக்கொண்டு கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாகப் பாவனை காட்டினேன். கோயில் முனை வரை தள்ளினார்கள். திருப்பி, வீடுவரை தள்ளினார்கள். நல்ல வெயில். மாட்டுவண்டி கூடவே வந்தது. வேன் நிற்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் முனகல் கேட்டது. இப்போதாவது கியரைப் போடு என்று மனது சொன்னது. போட்டால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று அதற்கும் பயந்தேன். சீ, என்ன ஜென்மம் நான்.

கடைசியில் அவரே வண்டியிலிருந்து கையை எடுத்தார். கதவில் பதிந்திருந்த கைத்தடங்களைத் தன் துண்டால் துடைத்தார். "புது வண்டிய அயுக்காக்கிட்டோம். உன்னியும் பேஜார் பண்ணிட்டோம்ணா" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார்.

மறுநாள் மாப்பிள்ளையை முகூர்த்தத்துக்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்த்தேன். எல்லாரும் வண்டியைப் புகழ்ந்தார்கள்.

பத்து நாள் கழித்து, குங்குமம் தடவிய பூசணிக்காயோடு அவர் வந்து நின்றார். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அது பொயச்சிக்கிச்சிண்ணா. கொயந்த தான் போற வயிலியே பூட்ச்சி." பூசணிக்காயைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நீ இன்னா பண்ணுவ? புது வண்டி, ஊர்க்கண்ணு பட்டுகீது. அதான் அன்னிக்கி நின்னுட்ச்சி. சுத்திப் போட்டுட்லாம்னு வந்தேன். உள்ள குந்துண்ணா, ஓட்றவங்களுக்கும் சேத்துச் சுத்தணும்" என்றார்.

உட்கார்ந்தேன். என்னையும் வண்டியையும் மூன்று முறை சுற்றி, பூசணிக்காயை ரோட்டில் உடைத்தார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு, பாப்போம்."

சாவியைத் திருப்பினேன். ஒரே திருகில் எடுத்தது. "எட்த்துக்கிச்சிண்ணா!" என்று அவர் சிரித்தார்.