ஐலி போட்ட பழைய லாக்

ஐலி கோஸ்கெலாவிடம் வாய் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவன் எவனும் இல்லை. மிச்சிகன் வடகோடிக் காட்டில் விறகு வெட்டிப் பிழைக்கும் நாற்பது குடும்பங்களுக்கும் மெஷின் ரம்பம் ரிப்பேர் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் விட்டுப்போய்ப் பதினொரு வருஷம். "போறவன் என் நல்ல ஸ்பேனர் செட்டையும்ல தூக்கிட்டுப் போயிட்டான்" என்று ஸ்பேனருக்காகத்தான் இன்றைக்கும் அவனைத் திட்டுவாள்.

ரம்பத்தைக் கொண்டுவருபவன் முதலில் ஏச்சு வாங்க வேண்டும். "இதுல மரம் அறுத்தியா, மண்ணு தோண்டினியா?" என்பாள். எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். அவள் கட்டிய எஞ்சின் திரும்பி வராது என்று பேர். அவள் சாப்பிட்டதே அந்தப் பேரில்தான்.

அதில்தான் ஊர்ஹோ சல்மேலா மண்ணை அள்ளிப் போட்டான். அடுத்த வீட்டுக்காரன். இருவருக்கும் வேலித் தகராறு இருபது வருஷமாக ஓடுகிறது. அவனுடைய கிழட்டு ரம்பத்துக்குச் செப்டம்பரில் ஐலி புது பிஸ்டனும் சிலிண்டரும் போட்டு எஞ்சின் கட்டிக் கொடுத்திருந்தாள். காட்டில் நாலாம் நாள் அது கீச்சென்று கத்தி, உள்ளே இறுகிச் சீஸாகி நின்றுவிட்டது. நேரே அவளிடம் வந்து சண்டை போட்டிருந்தால் அது ஆம்பளைத்தனம். அவன் போனது லெம்பியின் பெட்ரோல் கடைக்கு.

"அந்தப் பொம்பளைக்குக் கண்ணும் போச்சு, கையும் போச்சு. இனிமே அவகிட்ட ரம்பத்தைக் குடுக்கிறவன் முட்டாப்பய" என்று காபி குடிக்க வந்த அத்தனை பேரிடமும் சொன்னான்.

மூன்று வாரம் அவள் ஷெட்டுக்கு ஒரு ரம்பம் வரவில்லை. அதுவும் அக்டோபரில், ஊரே குளிர்கால விறகுக்கு அலைகிற மாதத்தில். ஐலி நேரே லெம்பி கடைக்குப் போய் நடுவில் நின்றாள்.

"அந்த எஞ்சினைச் சனிக்கிழமை இங்கேயே, எல்லார் முன்னாடியும் பிரிக்கிறேன். ஆயில் கலக்காத பெட்ரோலை ஊத்திட்டு என்மேல பழி போடறான். அவனுக்கு இது மூணாவது தடவை."

அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்தது உண்மைதான். அந்த எஞ்சினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றினால்தான் உண்டு. ஊர்ஹோ வீட்டில் கலந்தது ஒரு கேன், வண்டிக்குக் கலக்காதது ஒரு கேன், இரண்டும் ஒரே சிவப்பு. முன்பு இரண்டு முறை மாற்றி ஊற்றி எஞ்சினைத் தின்றிருக்கிறான். ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமை கடை வாசலில் பதினைந்து பேர் கூடினார்கள். ஐலி சைலன்சரைக் கழற்றி, ஓட்டை வழியே டார்ச் அடித்துக் காட்டினாள். பிஸ்டன் முழுக்கக் கீறல்.

"என்னடா ஊர்ஹோ, மறுபடியுமா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"கலந்தேன். என் கையால அளந்து ஊத்தினேன்" என்றான் ஊர்ஹோ. அவன் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

ஐலிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதே சந்தோஷத்தில் சிலிண்டரை உருவினாள். அங்கேயே கை நின்றது.

பிஸ்டனுக்குள் குறுக்கே ஒரு பின் போகும். அது வெளியே நகராமல் இருக்க இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி வளையம், லாக் என்பார்கள். ஒரு பக்கத்து லாக்கைக் காணோம். அது தெறித்து நொறுங்கித்தான் உள்ளே அத்தனையையும் கிழித்திருந்தது. ஒரு முறை கழற்றிய லாக்கைத் திரும்பப் போடக்கூடாது என்று ஊரையெல்லாம் ஏசுபவள் ஐலி. செப்டம்பரில் புது லாக் குறட்டிலிருந்து தெறித்து எங்கேயோ போய்விட்டது. வெளியே ஊர்ஹோ ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். சனியன் தொலையட்டும் என்று பழையதையே போட்டு மூடியிருந்தாள்.

பிஸ்டனின் அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். "ஆயில் இல்லாம ஓடியிருக்கு" என்றாள்.

திங்கட்கிழமைக்குள் ஷெட்டில் பத்து ரம்பம் சேர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஊர்ஹோ வந்தான். உள்ளே வராமல் கதவோரமே நின்றான்.

"சண்டைக்கு வரல. ஒண்ணு மட்டும் கேக்கணும். ஆயில் அளந்தது, கேனைக் குலுக்கினது, எல்லாம் எனக்குக் கண்ணு முன்னாடி நிக்குது. அப்ப அது நடக்கவே இல்லியா?"

ஐலி ரம்பத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றான் ஊர்ஹோ. "செய்யாததைச் செஞ்சேன்னு அடிச்சுச் சொல்வாரு. கடைசில எங்க வீட்டு வாசலே அவருக்குத் தெரியல. என் பொண்டாட்டி வண்டிச் சாவியை ஒளிச்சு வச்சுட்டா. அடுப்புக்கிட்ட விடமாட்டேங்கிறா. நீ ஆள் மூஞ்சியைப் பாத்துப் பேசறவ இல்ல, அதான் உன்கிட்ட வந்தேன். உண்மையைச் சொல்லு."

இவன் கத்தியிருந்தால் அவளும் கத்தித் துரத்தியிருப்பாள். இப்படி வந்து நிற்பவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நீ சரியாத்தான் கலந்த" என்றாள். "பழைய லாக்கைப் போட்டது நான். சனிக்கிழமையே பாத்துட்டேன்."

ஊர்ஹோ கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். பெரிய மூச்சாக விட்டான். கண்ணைத் திறந்தபோது இருபது வருஷத்து வெறுப்பும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்திருந்தது.

"நீயெல்லாம் மனுஷியா? மூணு நாளா நான் செத்துக்கிட்டிருந்தேன்."

"வண்டில ஏறு. லெம்பி கடைல நானே சொல்றேன்."

"உன் வண்டில ஏற மாட்டேன்."

அவன் ரோட்டில் முன்னால் நடந்தான். ஐலி பிஸ்டனை எடுத்துக்கொண்டு அரை மைல் தூரமும் பின்னாலேயே நடந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பாதிப் பேரின் ரம்பம் அவள் ஷெட்டில்தான் கிடந்தது. பிஸ்டனைக் காபித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஊர்ஹோ ஆயில் கலந்திருக்கான். தப்பு என்னுது. தெரிஞ்சே பொய் சொன்னேன்" என்றாள்.

ஊர்ஹோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

அவள் சொன்னாள்.