பரங்கிமலையோடு நிற்கும் ரயில்

தியாகதுருகத்துக்கு முன்னால் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பிய எங்கள் பஸ் நின்று ஒரு மணி நேரமாகிறது. முதல் வேலைக்காக டெல்லிக்குப் பறக்கும் மகளை வழியனுப்பச் சென்னை போகிறேன். முன்னதாகவே சென்னை போய்விட்ட அவள் கோயம்பேட்டில் மெட்ரோ ஏறிவிட்டாள்.

போன் அடிக்கிறது. "அப்பா, ஏர்போர்ட் வரல. பரங்கிமலையாம். எல்லாரும் எறங்கிட்டாங்க, வண்டியே காலி!"

ஒரே பிளாட்பாரத்துக்கு வரும் ரயிலெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்று அவளுக்குச் சொன்னவன் நான். எங்களூர் பஸ் ஸ்டாண்டில் அப்படித்தான்.

பக்கத்து இருக்கைக்காரர் நைனார்பாளையத்துக்காரர், சென்னை மெட்ரோவில் ஒயரிங் வேலை செய்கிறவர். "இன்னாத்துக்கு சார் இப்படி வேர்த்துக்கினு இருக்கீங்க? கோயம்பேட்டுல சில வண்டிதான் நேரா ஏர்போர்ட்டு. மீதி மலையோட சரி. வண்டி நெத்தில எழுதியிருக்கும், படிச்சிட்டு ஏறணும். ஒரு ஸ்டேஷன் திரும்பி, ஆலந்தூர்ல எறங்கி, வேற மாடிக்குப் போவச் சொல்லுங்க. ஏர்போர்ட்டு வண்டி அங்க வரும்."

அப்படியே சொல்கிறேன். இருபது நிமிடம் போன் அடிக்கவேயில்லை. பிறகு அவள் குரல்: "ஏர்போர்ட் வந்துட்டேன்ப்பா. நீங்க எங்க இருக்கீங்க?"

எங்கள் ஓட்டுநர் பஸ்ஸைக் கள்ளக்குறிச்சிக்கே திருப்பிக்கொண்டிருக்கிறார்.