தம்பி ஆடுறானா என்று கேட்டவர்

ஷா ஆலமில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தால் மலாயில்தான் பேச்சைத் தொடங்குவோம். போன மாதம் ஒரு காலையில் வழக்கம்போல எடுத்து "செலாமாட் பாகி" என்று காலை வணக்கம் சொன்னேன். மறுமுனையில் ஒலிபெருக்கியில் யாரோ ஒரு டாக்டரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல் சொன்னது: "அக்கா, நான் குமாரு பேசுறேன். அம்மா போயிட்டாங்க."

எந்தக் குமார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த குமார்கள் பலர் இருக்கிறார்கள். அம்மாவோடு சேர்த்து நினைவுக்கு வரும் குமார் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில் கிள்ளானில் எங்கள் பகுதித் திடலுக்குச் சனிக்கிழமை மாலைகளில் வந்துபோனவர்களுக்குச் சரோஜா அக்காவைத் தெரியாமல் இருக்காது. முகம் மறந்திருந்தாலும் குரல் மறந்திருக்காது. மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலை அவருக்கு. வார்டில் நாள் முழுக்க அடக்கி வைத்த குரலையெல்லாம் சனிக்கிழமை திடலில் அவிழ்த்து விடுகிறேன் என்பார். அவருடைய மகன் குமார், சிறுவர் காற்பந்துக் குழுவில் வலது ஓரத்தில் ஆடினான். என் தம்பி செல்வமும் வலது ஓரத்து ஆட்டக்காரன்தான். ஆனால் குமார் இருக்கும்வரை அவனுக்கு அங்கே இடமில்லை.

நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் லோரி ஓட்டும் வேலை. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட். தம்பியைத் திடலுக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பாயிற்று. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால், மின்சார பில்லில் இருந்து மாமா மகளின் கல்யாணம் வரை எதுவானாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். "படிச்ச பொண்ணு, நீயே சொல்லு" என்பார் அப்பா. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படும் எனக்கு அந்த வார்த்தை சுமையாகவே இருந்தது.

முதல் நாள் திடலோரத்தில் ஒரு புத்தகத்தை விரித்தபடி தனியாக நின்றிருந்தேன். திடலை ஒட்டிய கழிவுநீர்க் கால்வாயை நாங்கள் லோங்காங் என்போம். அதன் சிமெண்டுப் பலகை மேல் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்த அக்கா கையை ஆட்டினார்.

"ஏ பொண்ணே, நின்னுகிட்டே படிச்சா பந்து உன் தம்பிகிட்ட வந்துடுமா? வந்து உட்காரு. எவன் உன் தம்பி?"

நான் விரலை நீட்டினேன். கால்வாயின் மறுகோடியில் ஆட்டத்தில் இறங்காத மூன்று சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"லோங்காங் டீமா? சரி லா. அதுவும் டீம்தான். என்ன படிக்கிற?"

சொன்னேன். பல்கலைக்கழகம் முடித்ததையும் சொன்னேன். அன்று முதல் நான் அவருக்கு 'யூனிவர்சிட்டி'. எனக்கு அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

குழுவின் பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்போம். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். ஆட்டம் முடிந்ததும் வெள்ளை ஜெர்சிகளையெல்லாம் ஒரு கித்தான் பையில் திணித்து ஒரு சிறுவனிடம் கொடுத்து அனுப்புவார். அவன் வீட்டில் துவைத்து அடுத்த சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். பல வாரங்களாக அந்தப் பை எங்கள் வீட்டுக்கே வந்தது. அம்மாவுக்கு அதில் பெருமை. ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு ஜெர்சிகளை ஊறவைத்து, நீலம் போட்டு, வீட்டு முன்னால் கொடியில் வரிசையாகக் காயப்போடுவார். போகிற வருகிறவர்கள் கேட்டால் அப்பா, "பையன்தான் டீமுக்கே பொறுப்பு. மாஸ்டர் வேற யாரையும் நம்ப மாட்டேங்கிறாரு" என்பார்.

இதை ஒரு நாள் சரோஜா அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க குமாருக்கு அந்தப் பை ஒரு வாட்டிகூட வந்ததில்ல, தெரியுமா?" என்றார். "எவன் நின்னுடுவான்னு மாஸ்டருக்குத் தோணுதோ அவன் கையிலதான் பையக் குடுப்பாரு. பை வீட்ல இருந்தா அடுத்த வாரம் வந்துதானே ஆகணும். ரொம்ப வருஷமா அவரு வழக்கம் அது. கெட்ட மனசு இல்ல லா. பையன விட மனசு வராது, ஆட வைக்க இடமும் இல்ல."

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா ஜெர்சிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எண் வெளியே தெரியும்படி மடித்தார். குமாரின் ஏழாம் எண்ணை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அது தன் மகனுடையது என்று நினைத்திருந்தார். அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

அந்தப் பருவத்தின் பாதியில்தான் செல்வம் அதைக் கேட்டான். காப்பார் சாலைப் பக்கம் புதிதாக ஒரு குழு தொடங்கியிருந்தார்கள். ஆள் போதாமல் இவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே போனால் எல்லா ஆட்டத்திலும் இறங்கலாம். ஆனால் அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் இங்கே. பள்ளியில் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒன்றாகவே இருந்த பையன்கள்.

"அக்கா, நான் நின்னுடட்டுமா?"

அப்பாவைக் கேட்டேன். "நீ படிச்சவ" என்று தொடங்கினார். அம்மாவைக் கேட்டேன். "ஏன் நிக்கணும்? பை வந்துகிட்டுத்தானே இருக்கு" என்றார். மாஸ்டரிடமும் போய்க் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, "ஒரு எடத்துக்கு ஒரு பையன்தாம்மா. நான் என்ன செய்ய, சொல்லு. நல்ல பையன். போகச் சொல்லவும் எனக்கு வாய் வரல" என்றார்.

கடைசியில் சரோஜா அக்காவைக் கேட்டேன். எதற்கும் பட்டென்று பதில் சொல்கிறவர் அன்று செய்தித்தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார்.

"என் பையன் ஆடுறான். ஆடுற பையனோட அம்மாகிட்ட இதக் கேக்கலாமா, யூனிவர்சிட்டி? இருன்னு சொன்னா, உன் தம்பிய லோங்காங்லயே உட்கார வைக்கிறேன். போன்னு சொன்னா, என் பையனுக்குப் போட்டி வேணாம்னு சொல்ற மாதிரி. எனக்குத் தெரியல."

அடுத்த வாரம் பந்திங்கில் இருந்து ஒரு குழு லோரியில் வந்து இறங்கியது. எல்லாம் தோட்டத்துப் பையன்கள், காலில் நல்ல பலம். பக்கத்துக்கு ஒரு கோல் போட்டுச் சமமாக இருந்தபோது பாதி ஆட்டம் முடிந்தது. இடைவேளையில் அக்கா குமாரைத் தண்ணீர் வாளி அருகே கூப்பிட்டு ஏதோ சொன்னதைப் பார்த்தேன். குமார் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தான். தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குமார் நொண்டினான். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான். "மாஸ்டர், என் பையன் காலப் பாருங்க" என்று அக்கா எழுந்து நின்று கத்தினார். அந்தப் போட்டிகளில் ஒருமுறை வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போக முடியாது. மாஸ்டர் கால்வாய்ப் பக்கம் திரும்பினார். செல்வம் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா என் தொடையில் கிள்ளினார். "கத்துடி. உன் தம்பிதானே? உன் வாய்க்கும் உனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி உட்கார்ந்திருக்க."

வலது ஓரத்தில் செல்வத்துக்கு ஒரு பந்து வந்தது. எதிரே வந்தவனை ஏமாற்றி, கோட்டை ஒட்டியே ஓடினான். நான் எழுந்து, "செல்வா, ஓடுடா" என்று கத்தினேன். அது என் குரல் என்பது எனக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. அவன் நடுவே அடித்த பந்து யார் காலிலும் படாமல் அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் தோற்றோம். ஆனாலும் அன்று அவன் முகம் சேறும் சிரிப்புமாக இருந்தது. அக்கா அவனைக் கட்டிப் பிடித்து, "நீதான்டா என் ஹீரோ" என்றார்.

பிறகு எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். குமாரும் அக்காவும் சாலைக்கு அந்தப் பக்கக் கடையில் சிராப் என்ற சிவப்புச் சர்பத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரத் தொடங்கியது. குமார் ஓடினான். சிராப் பொட்டலத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி, கடைக்கு முன்னால் கிடந்த அகலமான லோங்காங்கை ஒரே தாவலில் தாண்டி, சாலையைக் கடந்து, பஸ்ஸின் பக்கத்தில் தட்டி நிறுத்தினான்.

"டேய், காலு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

எங்கள் பஸ்ஸில் செல்வம் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அழுக்கு ஜெர்சிப் பை அவன் மடியில் இருந்தது. ரொம்ப தூரம் போன பிறகு, "நல்லா தாண்டுனான்ல அக்கா" என்றான்.

அடுத்த சனிக்கிழமை அவன் காலணியை எடுக்கவில்லை. பள்ளிப் பாடம் இருக்கிறது என்றான். "ஆட விட்டாங்கன்னு சொன்னியே, அப்புறம் ஏன் நிக்கிறான்?" என்று அப்பா என்னைக் கேட்டார். நீலம் போட்டு மடித்த ஜெர்சிகளை அம்மா பையில் வைத்துத் தயாராகக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகத் திடலுக்குப் போனேன்.

என்னோடு தம்பி வராததைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சுபோச்சா?"

"தாண்டுனதப் பார்த்துட்டான் அக்கா."

அவர் செய்தித்தாளின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "நல்லதுன்னுதான் நெனச்சேன் லா. குமாரு முடியவே முடியாதுன்னான். அழுதான். நான்தான் நொண்டச் சொன்னேன், அவன ஒண்ணும் சொல்லாதீங்க." பிறகு, "அந்த பஸ்ஸ விட்டிருக்கணும். அடுத்த பஸ் வந்திருக்கும்ல" என்றார்.

அவர் என் கையிலிருந்து பையை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இத இனிமே நான் துவைக்கிறேன்" என்றார். அந்தக் குழு கலையும்வரை அவர்தான் துவைத்தார் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன்.

செல்வம் காப்பார் சாலைக் குழுவில் ஒரு பருவம் ஆடினான். எல்லா ஆட்டத்திலும் இறங்கினான். ஒரு நாளும் அவன் சேறும் சிரிப்புமாக வீடு திரும்பவில்லை. அப்புறம் நின்றுவிட்டான். இங்கேயே இருந்திருந்தால் அடுத்த ஆண்டு இடம் கிடைத்திருக்குமா, அங்கே முதலிலேயே போயிருந்தால் நன்றாக ஆடியிருப்பானா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். படித்த பெண்ணுக்கு அது இன்னும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சரோஜா அக்காவைப் பாசார் சந்தையில் பார்ப்பேன், பஸ் நிலையத்தில் பார்ப்பேன், தைப்பூசத்தில் கூட்டத்துக்கு நடுவில் பார்ப்பேன். எங்கே பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "தம்பி ஆடுறானா?" அவனுக்கு மீசை முளைத்த பிறகும் கேட்டார். மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் அவன் வேலைக்குச் சேர்ந்த பிறகும் கேட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது அவர் வேலை செய்த அதே மருத்துவமனையில். உடம்பு பாதியாகியிருந்தது. தள்ளுவண்டியோடு போகிறவர்கள் எல்லாம், "என்ன அக்கா, இன்னும் படுத்திருக்கீங்க, உங்க வேலைய யாரு பார்க்கிறது?" என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள். அவர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி ஆடுறானா?"

"ஆடுறான் அக்கா."

"எங்க, ரைட் சைட்லயா?"

"சைட்லதான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குப் பொய் சொல்ல வரல, யூனிவர்சிட்டி. எனக்கும்தான் வரல, பார்த்தியா?" என்றார். அதில் கொஞ்சம் பழைய சிரிப்பு இருந்தது.

இறுதிச் சடங்குக்குச் செல்வம் லீவு போட்டுவிட்டு வந்தான். வீட்டுக்குள் போகாமல் வாசலுக்கு வெளியே லோங்காங் ஓரமாகவே நின்றான். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் வலது பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. கொள்ளிச் சட்டியைக் கையில் ஏந்தி நின்ற குமார் திரும்பிப் பார்த்து, "செல்வா, வாடா" என்றான். செல்வம் கால்வாயைத் தாண்டி வந்து தோள் கொடுத்தான்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது திடலில் நான் கத்திய அந்த ஒரு கத்தல். அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிக் கத்தியதில்லை. செல்வம் கோட்டை ஒட்டி ஓடிய அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. அவை குமாரின் பொய் நொண்டலில் கிடைத்த நிமிடங்கள் என்பதும், அவற்றால்தான் தம்பி அந்தத் திடலை விட்டுப் போனான் என்பதும் கூடவே நினைவுக்கு வருகின்றன. அந்த மகிழ்ச்சியை நான் வைத்துக்கொள்ளலாமா என்று சரோஜா அக்காவிடம்தான் கேட்டிருப்பேன். தனக்குத் தெரியவில்லை என்றுதான் அவரும் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, செய்தித்தாளில் எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருப்பார்.