சூரியன் வெடித்தாலும் செட்டைத் திறக்காதீர்கள்

படகு ரேடியோ திருத்துகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. கெட்டுப்போகாத செட்டுத்தான் எங்களிடம் அதிகம் வரும். கற்பிட்டியில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஆழ்கடலுக்குப் போன படகுகளோடு கரையிலிருந்து பேசுவதும் என் வேலைதான். நீங்கள் மோட்டார் திருத்துகிறவரோ, கைபேசி திருத்துகிறவரோ, நான் பட்ட பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள்.

கத்தி வைத்தியம்

படகோட்டி ரஹீம் நானா ஒருநாள் தன் செட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். நடுக்கடலில், உச்சி வெயிலில், திடீரென்று பேச்சு நின்றுவிட்டதாம். எங்கள் ஆட்களுக்கு எதற்கும் மீன் வெட்டும் கத்திதான் மருந்து. நானாவும் அதைக்கொண்டு மூடியை நெம்பி, உள்ளே கிளறி, கொஞ்ச நேரத்தில் தானாகப் பேசியிருக்க வேண்டிய செட்டைப் பயணம் முழுக்க ஊமையாக்கிவிட்டார்.

பழுது செட்டில் இல்லை, சூரியனில் என்றேன். நம் பேச்சு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பித்தான் கரைக்கு வருகிறது. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் அதன் கதிர்கள் அந்தப் பாதையைக் கொஞ்ச நேரம் குழப்பிவிடும். நானா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நாளைக்குச் சூரியனக் கழட்டி எடுத்துட்டு வாறன் தங்கச்சி, அதையும் ஒருக்காப் பாருங்க."

மினுங்கும் வளையங்கள்

வெடித்த பிறகு எச்சரிக்க நேரமில்லை. அந்தக் கதிர் வெளிச்சத்தோடேயே வந்து சேர்ந்துவிடும். அதனால் வெடிக்கும் முன்பே அறிகுறி பார்க்க வேண்டும். விண்ணில் சுற்றும் செய்மதிகள் எடுக்கும் சூரியப் படங்கள் என் கைபேசியிலேயே கிடைக்கின்றன. கரும்புள்ளிகள் பெருத்துச் சிக்கிக் கிடக்கின்றனவா, அவற்றுக்கு மேலே சூரியனின் வெளி மண்டலமான கொரோனாவில் நிற்கும் ஒளி வளையங்கள் முறுகி மினுங்குகின்றனவா என்று காலையில் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் கடை வாசல் கரும்பலகையில் எழுதுவேன்: 'இன்று செட் பேசாமல் போகலாம். திறக்க வேண்டாம்.' படகுகளுக்கும் ரேடியோவில் அதையே வாசிப்பேன்.

முதல் தடவை எழுதிய அன்று ஒன்றுமே வெடிக்கவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். மினுங்குகிற வளையமெல்லாம் வெடிப்பதில்லை, என்ன செய்ய? பக்கத்து பேக்கரிக்குப் பாண் வாங்க வந்த ரீட்டா அக்கா பலகைக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சூரியன் வெடிக்கும் எண்ட உன்ட கதையைக் கேட்டு இண்டைக்குக் கருவாடு காயப்போடேல்லையடி, வெயில் நல்லாத்தானே எரிக்குது!"

சங்கத்தின் கட்டளை

பிறகு மீனவர் சங்கத் தலைவர் சூசை அண்ணர் வந்தார். பலகையைப் பார்த்து ஆட்கள் கடலுக்குப் போகப் பயப்படுகிறார்களாம், கழற்றச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் காது சூடேறிவிட்டது. கடலுக்குப் போகாதே என்றா எழுதினேன்? செட்டைத் திறக்காதே என்றுதானே எழுதினேன்? மழை என்று சொல்லிப் பெய்யாமல் போனால் வானிலை சொல்கிறவரை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லையே. அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே சோக்கட்டியை எடுத்து எழுத்துகளை இன்னும் தடிப்பாக்கினேன்.

"இவ்வளவு பிடிவாதம் கூடாது பிள்ள, சூரியன் உன்னட்டச் சொல்லிப்போட்டுத்தான் வெடிக்கப்போகுதோ?"

ஊமை மதியம்

ஒருநாள் காலை வளையங்கள் மறுபடி மினுங்கின. பலகையில் எழுதினேன், படகுகளுக்கும் வாசித்தேன். மதியம் எல்லாச் செட்டுகளும் ஒன்றாக அடங்கின. சூசை அண்ணரின் மனைவி பிலோமினா அக்கா ஓடி வந்தார். எஞ்சின் இழுக்கவில்லை என்று கடலுக்குப் போயிருந்த மகன் ஜூட் காலையில் சொல்லியிருந்தானாம். அவரைக் கதிரையில் இருத்தினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். எஞ்சின் நின்று, ஜூட் செட்டையும் கத்தியால் கிளறிவிட்டால், அவன் எங்கே மிதக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? செட்டின் இரைச்சலுக்குள் அவன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அவன் குரல் வந்தது. எஞ்சின் நின்றேவிட்டது. இடத்தைக் கேட்டு, கிட்ட நின்ற ரஹீம் நானாவின் படகை அனுப்பினேன். அதற்குப் பிறகு ஜூட் சொன்னான்.

"கத்திய எடுத்திட்டன் அக்கா. பிறகு நீங்க காலைல வாசிச்சது ஞாபகம் வந்துது, மூடியில கை வைக்கேல்ல."

பிலோமினா அக்கா வாய்விட்டு அழுதார், நானும்தான். ஜூட் கரை சேர்ந்த மறுநாள் சூசை அண்ணர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒருக்காச் சரிவந்திட்டுது எண்டதுக்காகப் பலகை இருக்கலாம் எண்டு நான் சொல்லேல்ல."

சூரியன் என்னிடம் சொல்லிவிட்டு வெடிப்பதில்லை என்பது சரிதான், நானும் சங்கத்திடம் கேட்டுவிட்டுப் பலகை எழுதுவதில்லை.